எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

குமார் சங்கக்கார 134 டெஸ்ட் போட்டிகளில் 12,400 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 57.40. சதங்கள் 38, அவற்றில் 11 இரட்டைச் சதங்கள். இரட்டைச் சதக் கணக்கில் அவருக்கு முன்னால் நிற்பவர் 12 எடுத்த டொன் பிராட்மன் ஒருவர்தான். 1977 ஒக்டோபர் 27இல் மாத்தளையில் பிறந்த பிள்ளை இவர். ஆனால் கண்டியில் சட்டத்தரணியாக இருந்த தந்தை க்ஷேம சங்கக்காரவுக்கு இந்தக் கணக்கு போதவில்லை. மகன் தன் ஆற்றலை முழுதாக எட்டவில்லை என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவந்தார். அவர் கையில் வைத்திருந்த அளவுகோல் பிராட்மன். பிராட்மன் 80 இன்னிங்ஸில் 29 சதம் அடித்தவர். மூன்று இன்னிங்ஸுக்கு ஒன்று என்ற கணக்கையும் தாண்டியவர். மகனோ 233 இன்னிங்ஸில் 38. ஆறு இன்னிங்ஸுக்கு ஒன்று.

பிள்ளையின் துடுப்பையும் கால்காப்பையும் தானே சுமந்துகொண்டு வலைப்பயிற்சிக்கு வரும் தகப்பன்மாருக்கு இந்தக் கதை பிடிக்கும். விடாமல் நெருக்கினால் பிள்ளை உயரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தோன்றும். அந்த வீட்டைப் பற்றித் தெரிந்த மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் சங்கக்கார கிரிக்கெட் மட்டும் விளையாடவில்லை. பூப்பந்து, டென்னிஸ், நீச்சல், மேசைப்பந்து எல்லாவற்றிலும் இருந்தார். பூப்பந்திலும் டென்னிஸிலும் கனிஷ்ட வயதில் தேசிய மட்டத்து விருதுகள் பெற்றார். எல்லா விளையாட்டையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடி என்று ஏழு வயதில் அவரை யாரும் கட்டிப்போடவில்லை. கிரிக்கெட்டில் கவனம் வைக்கச் சொல்லி மகனை ஊக்கப்படுத்துங்கள் என்று அவருடைய தாயிடம் சொன்னவர் கல்லூரி அதிபர் லெனாட் டி அல்விஸ். அதாவது, அந்தப் பிள்ளையின் பாதையைத் தீர்மானித்த பேச்சுகளில் ஒன்று பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் போனது. வீட்டில் கூர்மையான கண்ணுள்ள ஒரு தகப்பன் இருந்தார். பாடசாலையிலும் அவர்மீது ஒரு கண் வைத்திருந்த பெரியவர்கள் இருந்தார்கள். 1996இல் சகலதுறையிலும் சிறந்த மாணவனுக்கான ரைட் தங்கப் பதக்கத்தை அவருக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது.

2015 ஓகஸ்ட் 24இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் ஓய்வுபெற்றபோது பேசிய பேச்சில், பெற்றோருக்கு நன்றி சொன்னதோடு பள்ளிப் பயிற்றுநர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அந்தப் பெயர்களில் ஒன்று சுனில் பெர்ணாந்து.

அதே சுனில் பெர்ணாந்துதான் அதற்குப் பல வருடம் முன்பு, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு 14 வயதுத் தமிழ்ப் பையனைப் பார்த்து, நீ சுழற்பந்து வீசு என்று சொன்னவர். பையன் முத்தையா முரளிதரன். குண்டசாலையில் பிஸ்கட் தொழில் நடத்திய சின்னசாமி முத்தையாவின் மகன்; ஒன்பது வயதிலேயே அந்தக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டவர். பின்னாளில் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த கை அது. அந்த முடிவை இன்றைய ஒரு மைதானத்தில் வைத்து எண்ணிப்பார்க்க வேண்டும். புதுப்பந்தை எடுத்து ஓடிவந்து வீசும் மகனைப் பார்த்துப் பூரித்துப்போன ஒரு தகப்பனிடம், நாளையிலிருந்து உங்கள் மகன் நாலு எட்டு நடந்து வந்துதான் வீசப்போகிறான் என்று ஒரு பயிற்றுநர் சொன்னால், அன்று பின்னேரமே தொலைபேசி அடிக்கும். அடுத்த நாள் அதிபரின் அறையில் ஒரு கதிரை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். முரளிதரனின் கதையில் பயிற்றுநருக்குத் தன் கண்ணை நம்ப இடம் கிடைத்தது. அந்த இடம்தான் இப்போது சுருங்கிவருகிறது.

சங்கக்கார பிறந்த மாத்தளை விளையாட்டுக்குப் புதிய ஊர் இல்லை. ஹொக்கி என்று சொன்னால் இலங்கையில் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் இது ஒன்று. நகரத்துப் பாடசாலைகள் தேசிய அணிக்குத் தொடர்ந்து ஆட்களைக் கொடுத்துவந்திருக்கின்றன. நகரில் பேர்னாட் அலுவிகாரை மைதானம் இருக்கிறது. மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளையில் 167 நாட்களில் கட்டிமுடிக்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானம் இருக்கிறது; 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி அங்கே வந்து ஆடியது. அந்த மைதானத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ஆசை வராமல் இருக்காது. பிள்ளையை விடப் பெற்றவருக்கு வரும்.

ஏன் அணியில் எடுக்கவில்லை, ஏன் ஏழாவதாக இறக்கினீர்கள், ஏன் அவனுக்கு மட்டும் புதுப்பந்து, ஏன் தலைமை இவனுக்கு இல்லை. பெற்றவர்கள் பயிற்றுநரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். "சேர், மகன் நெட்ஸ்ல நல்லாத்தானே அடிக்கிறான், ஏன் டீம்ல போடல்ல?" என்று கேட்கும் குரலில் கோபத்துக்குக் கீழே பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் பத்து வயதுப் பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்கார்கிறது. அதில் எடுக்கும் புள்ளி எந்தப் பாடசாலை என்பதை மாற்றிவிடும். தேசிய மட்டத்தில் விசேட விளையாட்டுத் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. முப்படைகளும் பொலிசும் விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. ஒரு சான்றிதழ், ஒரு வர்ணப் பட்டி, ஒரு தலைமைப் பதவி இவையெல்லாம் பிள்ளையின் பின்னாளுக்குச் சேர்த்துவைக்கும் பணமாகப் பெற்றவருக்குத் தெரிகின்றன. 13 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் இல்லை என்றால் 15இல் பார்க்கலாம் என்று பயிற்றுநர் நினைக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு மூடிப் பழகிய பெற்றவரால் அப்படி நினைக்க முடியவில்லை.

அந்தப் பயம் நியாயமானது. அதன் விலையைப் பிள்ளை கொடுப்பதுதான் நியாயமற்றது.

இதில் பயிற்றுநரின் நிலையையும் பேசாமல் விட முடியாது. பல பாடசாலைகளில் பயிற்றுநர் அரச சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை. பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்த்துக் கொடுக்கும் தொகையில் வருபவர். அவருக்குக் கொடுப்பனவு சேர்க்கும் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவரே, மைதான ஓரத்தில் வந்து தன் பிள்ளையின் இடத்தைப் பற்றிக் கேட்கிறார். இதைவிடச் சிக்கலான இன்னொன்று உண்டு. பாடசாலை அணியைத் தெரிவு செய்பவர் வார இறுதியில் கட்டணத்துக்குத் தனிப் பயிற்சி நடத்துகிறார்; அதே பிள்ளைகளில் சிலர் அங்கும் வருகிறார்கள். ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைக்கே காசுக்கு டியூசன் எடுப்பதில் என்ன குறை இருக்கிறதோ அதே குறை இதிலும் இருக்கிறது. தனிப் பயிற்சிக்கு வரும் பிள்ளை அணியில் இருந்தால், தகுதியால் இருந்தாலும் சந்தேகம் வரும். வராத பிள்ளை வெளியே இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். பெற்றோரின் தொல்லை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்த ஏற்பாட்டிலிருந்து பிறப்பது. காசு வாங்கிப் பயிற்றுவிப்பவர் அணித்தெரிவில் தனித்து முடிவெடுக்காமல், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரையும் வேறொருவரையும் சேர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை எழவே எழாது. பயிற்றுநர்கள் தங்கள் மரியாதைக்காகவே இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றவர்களைக் கட்டுப்படுத்த உலகம் பல வழிகளைப் பார்த்திருக்கிறது. 1993 பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் மேரி பியர்ஸின் தந்தை ஜிம் பியர்ஸ் நடந்துகொண்ட விதம் பொறுக்க முடியாமல் போய், மகளிர் டென்னிஸ் சங்கம் அவரைப் போட்டிகளுக்குள் வரவிடாமல் தடுத்தது. வீராங்கனையின் உறவினரும் ஒழுங்கு விதிக்குள் வந்தார்கள். மேரி 1995இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் 2000இல் பிரெஞ்சு ஓப்பனையும் வென்றார். இரண்டு பட்டங்களும் தந்தை விலக்கப்பட்ட பிறகு வந்தவை என்பதை, நெருக்கினால்தான் பிள்ளை வெல்லும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சிறுமியர் உதைபந்தாட்ட லீக் ஒன்று 1999இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எவரும் வாய் திறக்கக் கூடாது என்று விதித்தது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008இல் தொடங்கிய மரியாதை இயக்கத்தில், சிறுவர் போட்டிகளில் பார்வையாளர் நிற்க வேண்டிய இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்தது. நோர்வே இன்னும் ஆழமாகப் போனது. 1987இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகளை ஏற்படுத்திய அந்த நாட்டில் 11 வயதுக்கு முன் வெற்றிப் பட்டியலும் தரவரிசையும் போடுவதில்லை. 13க்கு முன் தேசிய சாம்பியன் பட்டம் கிடையாது. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்க வரிசையின் உச்சியில் நிற்கும் நாடு அது.

ஒரு நாள் மௌனம் பெரிதாக எதையும் மாற்றாது. அடுத்த ஞாயிறு சத்தம் திரும்பிவிடும். கயிறு பயனுள்ளது. எல்லைக்கோட்டிலிருந்து பத்து அடி தள்ளி நிற்கும் தகப்பனின் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையின் காதில் விழாது. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு தலையைத் திருப்பி அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மெல்லக் கழலும். இதற்குக் காசு செலவில்லை. மாத்தளையின் எந்தப் பாடசாலை மைதானத்திலும் நாளைக்கே செய்யலாம். நோர்வேயின் விதியை இங்கே கொண்டுவருவது ஒரு பாடசாலையால் ஆகாது. பரீட்சையைச் சுற்றிக் கட்டப்பட்ட முழுக் கல்வி அமைப்பும் அசைய வேண்டும். அதற்காகக் காத்திருக்கவும் முடியாது.

இன்னொரு தாயின் படம் தமிழர் பலருக்கும் தெரியும். 2023 ஓகஸ்டில் பாகு நகரில் உலகக் கிண்ணச் சதுரங்கம் நடந்தபோது, மகன் பிரக்ஞானந்தா பேட்டி கொடுக்க, ஓரமாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்த நாகலட்சுமி. போகும் நாடெல்லாம் அடுப்பும் அரிசியும் எடுத்துப்போய்ப் பிள்ளைக்கு ரசமும் சோறும் பொங்கிக் கொடுத்தவர். அவரிடம் எதிர்பார்ப்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இரண்டு பிள்ளைகளைக் கிராண்ட்மாஸ்டர் ஆக்கிய குடும்பத்தில் எதிர்பார்ப்பு இல்லாமல் இருக்குமா. ஆட்டத்தைப் பயிற்றுநர் ஆர்.பி. ரமேஷிடம் விட்டுவிட்டு, தன்னால் மட்டுமே செய்யக்கூடியதைத் தாய் எடுத்துக்கொண்டார். மைதானத்துக்கு வரும் பெற்றவருக்கும் இப்படி ஒரு வேலை வேண்டும். ஓட்டப் பதிவேடு எழுதுவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, தூரத்துப் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றி இறக்குவது. கையில் வேலை இல்லாதவர்தான் நடுவரைப் பார்த்துக் கத்துகிறார் என்பது பல பயிற்றுநர்களின் அனுபவம். ஓட்டப் பதிவேடு எழுதும் தகப்பன் தன் மகனின் ஆட்டத்தோடு மற்றப் பத்துப் பேரின் ஆட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

க்ஷேம சங்கக்காரவைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. தமிழ் வாசகர் அதை மறக்கக் கூடாது. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, கண்டியில் அவருடைய வீட்டில் 35 தமிழ் நண்பர்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தார்கள். அப்போது ஐந்து வயதாக இருந்த குமார், விளையாட எந்நேரமும் நண்பர்கள் இருந்ததால் அந்த நாட்களை மகிழ்ச்சியாக நினைத்திருந்ததையும், அதன் பொருள் பிறகே புரிந்ததையும், 2011 ஜூலையில் லண்டன் லோர்ட்ஸில் ஆற்றிய கௌட்ரி நினைவுரையில் சொன்னார். மகனின் ஆட்டத்தைக் குறை சொல்லத் தயங்காத அதே மனிதர், தன் குடும்பத்தை ஆபத்தில் வைத்து நண்பர்களைக் காத்தவர். மைதான ஓரத்தில் கேட்கும் குரலை மட்டும் வைத்து ஒரு தகப்பனை அளந்துவிட்டால் இந்த மற்றப் பாதி தெரியாமலே போய்விடும். சத்தம் போடும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனபின் யாருக்கோ தோள் கொடுப்பவராக இருக்கக்கூடும். கடன்பட்டு வாங்கிய துடுப்பு அந்தப் பையில் இருக்கக்கூடும். பயிற்றுநர் அவரோடு ஒருமுறையாவது பந்தைப் பற்றிப் பேசாமல் குடும்பத்தைப் பற்றிப் பேசியிருந்தால், அடுத்த சண்டை வேறு தொனியில் நடக்கும்.

வரும் பெற்றோரைப் பற்றியே இதுவரை பேச்சு. மாத்தளை மாவட்டத்தில் வராத பெற்றோர் இருக்கிறார்கள்.

எல்கடுவை, றத்தொட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய், மகள் ஓடும் 800 மீற்றரைப் பார்க்க நகரத்துக்கு வர வேண்டுமென்றால் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, இழக்க வேண்டும். 2024இல் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதுவும் அன்றைக்கு வேலைக்குப் போனால்தான். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து லயத்துக்குத் திரும்பும்போது பயிற்சி முடிந்துவிட்டிருக்கும். அந்தத் தாய் பயிற்றுநரை அழைத்து, ஏன் என் மகளைத் தெரிவு செய்யவில்லை என்று கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கூட்டம் சிங்களத்தில் நடக்கும், அறிவித்தல் சிங்களத்தில் ஒட்டப்படும் இடத்தில் வாய் எழாது. பின்னேரப் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும் என்பதற்காகவே எத்தனையோ பிள்ளைகள் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அக்கறையில்லாத பிள்ளை என்று அவர்களைப் பற்றிப் பேச்சு எழும். பஸ் நேரத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நெருக்கும் பெற்றோர் செய்யும் பெரிய தீங்கு அவர்களுடைய சொந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பயிற்றுநரின் காது ஒன்றுதான். அதை யார் நிரப்புகிறார்களோ அவர்களுடைய பிள்ளை அவர் மனதில் நிற்கும். பதினோராவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக இருந்தால், அழைப்பு வரப்போகும் வீட்டுப் பிள்ளையைப் போட்டுவிட்டால் அன்றைக்கு நிம்மதி. இப்படி ஒரு நாள் நிம்மதிக்காக எடுத்த முடிவு, மறுபக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பருவம் முழுவதும் இல்லாமல் போவதாக முடியும். அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து முறைப்பாடு வராது. அதனாலேயே அந்த அநியாயம் எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறாது.

ஆகவே பருவம் தொடங்கும்போதே செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. அணி எப்படித் தெரிவு செய்யப்படும் என்பதை, பயிற்சிக்கு வந்த நாட்கள், களத்தடுப்பு, போட்டியில் செய்தது என்று ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுப்பது. போட்டி முடிந்த அன்றைக்கு அணித்தெரிவு பற்றிப் பேசுவதில்லை, ஒரு நாள் கழித்துப் பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. பல நாட்டுப் பயிற்றுநர்கள் கைக்கொள்ளும் வழக்கம் இது, சூடு தணிய ஓர் இரவு போதும். பேசும்போது தன் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசலாம், மற்றவர் பிள்ளையை இழுக்கக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. பெற்றவர் கேட்கும்போது பிள்ளை பக்கத்தில் நிற்கக் கூடாது. பதினைந்து வயதுக்கு மேல் என்றால் முதலில் பிள்ளையே வந்து கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியைத் தானாகக் கேட்கப் பழகுவது, விளையாட்டில் கற்கும் வேறு எதற்கும் குறைந்ததில்லை.

இவற்றோடு பயிற்றுநர் தானாக எடுக்க வேண்டிய அழைப்புகளும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், கொழுந்து நிறுத்து முடிந்து வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, ஒருபோதும் அழைக்காத வீடுகளில் இரண்டு மூன்றுக்கு அவர் பேசலாம். தமிழ் வராதவர் என்றால் உடற்கல்வி ஆசிரியையோ மூத்த மாணவி ஒருத்தியோ பக்கத்திலிருந்து பேசலாம். "அம்மா, மகள் இந்தக் கிழமை நல்லா ஓடினா, சனிக்கிழமை போட்டி இருக்கு, பஸ்ஸுக்கு நாங்க ஒழுங்கு செய்றம்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. மாதம் நாலு வாரம் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வீடுகள். ஓர் அணியில் அதற்கு மேல் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தால், பொறுப்பாசிரியரோடு பட்டியலைப் பிரித்துக்கொள்ளலாம்.